புகை போகும் வழி

கார்த்திகை பிறந்தால் பொம்மிடியில் வேன் வீடாகிவிடும். மேலே கேரியரில் அண்டா, தவலை, அரிசி மூட்டை, தார்ப்பாய். உள்ளே சீட்டுக்கு அடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ், பாய், ஜமுக்காளம். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், தேனி, குமுளி, எருமேலி என்று போய் மலையேறி இறங்கித் திரும்பும் வரை சமையல் வண்டி ஓரத்தில், தூக்கம் வண்டிக்குள். ஆடியில் மேல்மலையனூர், தை பிறந்தால் பழனி, பரீட்சை முடிந்தால் ஊட்டி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆட்கள் போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வண்டிதான் வீடு. நாமக்கல் லாரிக்காரருக்குக் கேபின்தான் படுக்கையறை. டீசல் வண்டிக்குள் குடித்தனம் நடத்துவது நமக்குப் பழகிய காரியம். அந்த வீட்டுக்கு அடியில் ஓடுகிற புகைக்குழாயை அன்று எப்படிப் பார்த்தோம், இன்று எப்படிப் பார்க்கிறோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் என் சித்தப்பா ஒரு பழைய மெட்டடார் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, துக்கத்துக்குப் போகிற சவாரி எல்லாவற்றுக்கும் ஊரில் அவர் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். 1958-ல் தொடங்கிய பூனா பஜாஜ் டெம்போ கம்பெனியின் தயாரிப்பு அது. அதே கம்பெனி 1987-ல் டிராவலர் வேனைக் கொண்டுவந்தது. 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. மெட்டடாரில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, ஒரு பெட்டி மூடிக்கு அடியில் இருக்கும். மார்கழிக் குளிரில் அந்த மூடிமேல் உட்காரப் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். எஞ்சின் முன்னால் இருந்ததால், புகைக்குழாய் வண்டியின் முழு நீளத்துக்கும், நாங்கள் காலை வைத்திருந்த தரைக்கு அடியிலேயே ஓடிப் பின்பக்கம் முடிந்தது.

அன்று புகைக்கு ஒரு மரியாதை இருந்தது. ஏற்றத்தில் கறுப்பாகக் கக்கினால், "வண்டி என்னமா இழுக்குது பாரு" என்பார்கள். இழுவை போதவில்லை என்று டீசல் பம்பைக் கூட்டி வைக்கச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு; ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நல்ல மெக்கானிக்குகள் இந்த மூன்று நிறங்களையும் பார்த்துத்தான் பானட்டைத் திறப்பார்கள். மற்றவர்களுக்குக் கறுப்பு என்பது பலம்.

சைலன்சரும் அப்படித்தான். அதை நாங்கள் சத்தத்துக்கான சாமானாக மட்டும் நினைத்தோம். ஓட்டை விழுந்தால் டபடபவென்று சத்தம் வரும். சத்தம் பொறுக்கும்வரை ஓட்டுவார்கள். பொறுக்க முடியாமல் போனால் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து ஓட்டைமேல் சுற்றி, எண்ணெய் டின் தகட்டை வெட்டி மேலே வைத்துக் கம்பியால் இறுக்குவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை அந்தக் கயிற்றை வெறுங்கையால் பிரித்த எவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. தகடு ஒரு மலை இறங்கும்வரை நிற்கும். பிறகு மறுபடி டபடப.

இதற்கிடையில் என் தங்கை வாந்தி எடுப்பாள். வண்டி டேனிஷ்பேட்டை தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். எலுமிச்சம்பழம் கையில் கொடுப்பார்கள், புளிப்பு மிட்டாய் கொடுப்பார்கள், உட்காரும் இடத்தில் நியூஸ் பேப்பர் விரிப்பார்கள். பாட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போதே நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு துண்டு வாயில் அடக்கி அனுப்புவாள். "அவளுக்கு வண்டி ஒத்துக்காது" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பின்பக்கக் கதவோரம் காற்று வரும் என்று அவளைக் கடைசி சீட்டில் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அவள் பெயரைக் கொடுக்கவே வீட்டில் தயங்கினார்கள்.

ஒரு முறை சைலன்சர் நடுவில் விண்டு, பாதிக் குழாய் ரோட்டில் உரசியது. கம்பி கட்டி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஒரு பட்டறை; அங்கே ஒரு வயதான மெக்கானிக், கூட ஒரு கேஸ் வெல்டர். பள்ளி விடுமுறை என்பதால் வேலை முடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பழைய சைலன்சரைக் கழற்றுவதே பெரும்பாடு. மேனிஃபோல்டு அடியில் இருந்த நட்டுகள் துருவேறிப் போல்ட்டோடு ஒன்றாகிவிட்டன. முதல் நாள் சாயங்காலமே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். மறுநாள் ஸ்பேனர் போட்டதும் ஒரே மூச்சில் திருகவில்லை. கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கினார். ஸ்டட் உள்ளே முறிந்துவிட்டால் மேனிஃபோல்டையே இறக்கவேண்டும், டிரில் போட்டு எடுக்கவேண்டும், வேலை நாலு மடங்கு. வராத நட்டைச் சுற்றி கேஸ் தீயைக் காட்டினார். சிவந்து விரிந்ததும் சுலபமாக வந்துவிட்டது. டீசல் லைன் பக்கம் தீயைக் கொண்டுபோகுமுன் ஈரச்சாக்கைப் போட்டு மறைத்தார்.

கழற்றிய சைலன்சரை உளி வைத்துப் பிளந்தார். அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நாங்கள் சுற்றி நின்றோம். இடியாப்பத் தட்டு மாதிரி சல்லடைத் துளை போட்ட தகடுகள் குறுக்கே நின்றன. அவற்றுக்கு நடுவே துளையிட்ட குழாய்கள். எஞ்சினிலிருந்து வெடித்து வரும் காற்று ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், திரும்பி, மோதி, தன் வேகத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. 1897-ல் அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய யோசனையின் வழித்தோன்றல் அது. எங்கள் வண்டியில் அந்தத் தகடுகள் பாதி மக்கிப்போயிருந்தன. குலுக்கினால் துருப்பொருக்கு கையளவு கொட்டியது. அடியில் ஈரமான கரி படிந்திருந்தது.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. தூரப் பயணத்தில் குழாய் சூடாகவே இருப்பதால் ஆவி வெளியே போய்விடும். ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் ஓடுகிற வண்டியில் குழாய் சூடாவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுவதால், ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கும். போதாததற்குக் கந்தகம். 1990-களின் நடுப்பகுதி வரை நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு வரை இருக்க அனுமதி இருந்தது. அது எரிந்து, தண்ணீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகிக் குழாயை உள்ளிருந்தே தின்றது. வெளியே பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

சித்தப்பா சேலத்திலிருந்து கம்பெனி சைலன்சர் வாங்கிவர யோசித்தார். விலை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் பட்டறையிலேயே தகடு வளைத்துச் செய்வது என்று முடிவாயிற்று. குழாய் அளவைக் குறைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், ஏற்காடு ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும் என்று மெக்கானிக் பழைய குழாயின் உள்வாயைக் காலிப்பரால் அளந்தே புதுக் குழாயை எடுத்தார். எல்லாம் முடிந்து வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சத்தமே இல்லண்ணா, வேலை சுத்தம்" என்றார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "சத்தம் கெடக்குது தம்பி. பொக எங்க போவுதுன்னு பாத்தியா? வால்குழா பாடிக்கு உள்ளயே நின்னுடுச்சு. வண்டி போவச்சே பின்னால காத்து இழுக்கும். பொக சுத்திக்கிட்டு உள்ளதான் வரும். கடைசி சீட்ல புள்ளைங்கதான உக்காருது?"

அவர் சொன்னது அச்சு அசலான இயற்பியல். ஓடுகிற வேனின் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது. அங்கே விடப்படும் புகையின் ஒரு பகுதி வண்டியைத் தொடர்ந்து சுழன்று, திறந்த பின்கதவு, ஜன்னல், விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. அவர் குழாயை நீட்டி, வலது ஓரமாக வளைத்து, பாடியைத் தாண்டி வெளியே வரும்படி வைத்தார். முனையில் பழந்துணியை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் இணைப்பிலும் காதை வைத்து உஸ் என்று காற்று கசிகிறதா என்று கேட்டார். ஓர் இடத்தில் கேட்டது. மறுபடி கழற்றிப் பேக்கிங் மாற்றினார். அடுத்த வாரம் நாங்கள் பழனிக்குப் போனபோது என் தங்கை வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாமல் இல்லை. எங்கள் வண்டியின் புகைதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு குழந்தையின் உடம்பு சொன்ன புகாரை அத்தனை காலமும் வீடே அவளுடைய குறையாக எண்ணியது.

1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் இதையேதான் சொல்கின்றன. புகை கீழ்நோக்கியும் போகக்கூடாது, நம் நாட்டில் ஆட்கள் ஏறி இறங்கும் இடது பக்கமும் போகக்கூடாது. பின்னால் அல்லது வலது பக்கம் வெளியேற வேண்டும். பயணிகள் வண்டியில் புகை உள்ளே புகாத அளவுக்குக் குழாய் பின்னால் முடிய வேண்டும். அந்த மெக்கானிக் விதிப்புத்தகத்தைப் பார்த்தவர் இல்லை. உள்ளே தூங்குகிறவர்களை நினைத்து வேலை செய்தார், அவ்வளவுதான்.

இப்போது என் தம்பி மகன் ஒரு பழைய டிராவலர் வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், சிங்க், சின்ன அடுப்பு எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருக்கிறான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றப் பதிவு அலுவலரின் அனுமதி வேண்டும் என்கிறது. அதற்கு அலைந்து வாங்கினான். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் சைலன்சர் மாற்ற வேண்டியிருப்பது தெரிந்தது. சொந்த ஊரிலேயே செய்வோம் என்று வண்டியைப் பொம்மிடிக்கு ஓட்டி வந்தான். பட்டறை இப்போது சிமென்ட் தரை, லிஃப்ட், இரண்டு கம்ப்யூட்டர். வேலை பார்த்த பையனுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது.

மாறியிருப்பவற்றை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் அவை உண்மையான முன்னேற்றங்கள். டீசலில் கந்தகம் 2010-ல் நாடு முழுக்கப் பத்து லட்சத்தில் 350 பங்காகவும், 2017-ல் 50 ஆகவும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் வந்தபோது 10 ஆகவும் இறங்கியது. என் சிறுவயதில் இருந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குழாயைத் தின்ற அமிலம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. புது வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் அதை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்கிறது. டிரைவர்கள் யூரியா என்று சொல்லி ஊற்றும் 32.5 சதவீதக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக மாற்றுகிறது. 2012-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. கறுப்புப் புகையைப் பலம் என்று கொண்டாடிய நம் ஊர், அதைக் கண்டால் முகம் சுளிக்கிற ஊராகியிருக்கிறது. பிஎஸ்-6 வண்டியில் அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சென்சாரை ஏமாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் வண்டியை விடவே கூடாது.

ஆனால் தம்பி மகனின் வண்டி அதற்கெல்லாம் முந்தியது. அதில் வடிகட்டி இல்லை, யூரியா இல்லை, புகை கசிந்தால் சொல்லும் விளக்கும் இல்லை. காதும் மூக்கும்தான் காவல். அந்தப் பையன் வேலையைச் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. நட்டுகளுக்கு மண்ணெண்ணெய்க்குப் பதில் ஸ்ப்ரே அடித்தான். அதே பொறுமையோடு இளக்கி இறுக்கி எடுத்தான். புதுச் சைலன்சர் துருப்பிடிக்காத எஃகு. எஞ்சின் ரப்பர் மவுன்டில் ஆடும், குழாயோ சேசிஸில் கட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே வளைந்துகொடுக்கும் பெல்லோஸ் இல்லாவிட்டால் முதல் இணைப்பு விரியும் என்று அதையும் மாற்றினான். தொங்கும் ரப்பர்கள் எல்லாம் புதிது. போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை.

ஸ்டார்ட் செய்தால் முணுமுணுப்புதான். தம்பி மகன் பணத்தை எடுக்கப் போனான். "வால்குழாய் எங்கே முடியுது தம்பி?" என்று நான் கேட்டேன். மூவரும் குனிந்து பார்த்தோம். குழாய் சரியாகத்தான் வெளியே நீண்டிருந்தது. கவலைப்பட வேண்டிய இடம் வேறு: தரை. கட்டில் போட்டுக் கொடுத்த இடத்தில் சிங்க் தண்ணீர் இறங்க ஒரு துளை, வயர் போக ஒரு துளை, எதற்கென்றே தெரியாத இன்னொரு துளை என்று தரைத்தகட்டில் துளைத்துவிட்டு, மேலே மரப்பலகையைப் போட்டு மறைத்திருந்தார்கள். அடியிலிருந்து டார்ச் அடித்தால் கட்டிலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் போகிற வழியில் புகையும் போகும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு தூங்கியவர்கள். அந்த ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டியின் தரையில் இருந்த துளை வழியே உள்ளே ஏறியது என்று நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் அது பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே வரும் என்பது உண்மை. மூடிய அறைக்குள் இரவு முழுக்கக் கசிந்தால் அந்தக் குறைவை நம்பி யாரும் தூங்க முடியாது.

அன்றைய மெட்டடார் உள்ளே இருந்தவர்களை வாந்தி எடுக்க வைத்தது; ஆனால் ஜன்னல்கள் திறந்திருந்தன, பின்கதவு இடுக்கில் காற்று ஓடியது, ராத்திரி எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் படுத்தோம். இன்றைய வண்டி கண்ணாடி ஏற்றி, ரப்பர் போட்டு, ஏசி ஓட, அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியை நம்பித்தான் ஆட்கள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். சத்தத்தை நாம் வென்றுவிட்டோம். புகையை வெல்லப் பழைய மெக்கானிக்கின் அதே கேள்விதான் இன்னும் வேண்டியிருக்கிறது.

அன்று மாலை அந்தப் பையன் கூலி கேட்காமலே தரைத்துளைகளை அடைத்துக் கொடுத்தான். வயருக்கு ரப்பர் வளையம், தண்ணீர்க் குழாய்க்கு வெப்பம் தாங்கும் பசை, தேவையில்லாத துளைக்குத் தகடு. சைலன்சருக்கு மேலே தரைக்கு அடியில் சூட்டுத் தடுப்புத் தகடும் வைத்தான், மரக்கட்டில் மேலே இருக்கிறதே என்று. கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் அடிக்கும் கருவி ஒன்று தலைமாட்டு உயரத்தில் மாட்டச் சொன்னான். வாங்கி மாட்டியாயிற்று.

பழைய டீசல் வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும் எல்லோரிடமும், வேன்காரர், ரிக் வண்டிக்காரர், மலைக்குப் போகிற சாமிகள் என்று எல்லோரிடமும், நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். சைலன்சர் மாற்றினால் விலையையும் சத்தத்தையும் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். வால்குழாய் பாடியைத் தாண்டி நீள்கிறதா, இணைப்பில் உஸ் என்று கசிகிறதா, தரையில் டார்ச் வெளிச்சம் தெரிகிறதா என்று பட்டறையை விட்டு வருமுன் குனிந்து பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு யாரும் உள்ளே தூங்க வேண்டாம். கடைசி சீட்டில் ஒரு குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் குமட்டினால், எலுமிச்சம்பழத்தைத் தேடுமுன் வண்டிக்கு அடியில் பாருங்கள்.